ஒரே ஷிப்ட்

ஐப்பசி 2, வெள்ளி

விடியலிலிருந்து தூறல். தட்டிச் சுவர் மேற்குப் பக்கம் ஊறி உப்பிவிட்டது. தார் பூசவேண்டும். ஸ்டோரில் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். அதற்குள் சுவர் என் மடியில் வந்து உட்காரும்.

முனிசாமி குறட்டை விடுகிறான். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இது இப்போதுதான் தெரிகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் எப்படித் தெரியும்? எனக்குப் பகல் ஷிப்ட், சுரங்க ஷாஃப்ட் வாசலில், கீழே இறங்குகிறவர்களுக்கு மெழுகுவத்தி கொடுக்கும் ஜன்னல். அவனுக்கு ராத்திரி ஷிப்ட், கீழே லெவலில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. நான் எழுந்து போவேன், அவன் வந்து படுப்பான். அவன் எழுந்து போவான், நான் படுப்பேன். கட்டில் ஒன்று, கம்பளி ஒன்று. முகம் பார்த்துப் பேசுவது காலையில் கொஞ்சம், அந்தியில் அவன் ஜன்னலுக்கு வத்தி வாங்க வரும்போது கொஞ்சம். அதற்குள் என்ன பேச்சு, என்ன சிரிப்பு! பெண்டாட்டி இருந்த காலத்தில்கூட நான் அவ்வளவு பேசியதில்லை. அவள் போனாள், அவன் பெண்டாட்டி அதற்கு முன்பே காலராவில் போனாள். இந்தத் தங்க வயலில் எனக்கு அவன், அவனுக்கு நான்.

நேற்று, மாதப் பிறப்பிலிருந்து அவனுக்கும் பகல் ஷிப்ட். நான்தான் சுரங்கத்துக் கேப்டன் துரையிடம் போய் நின்று கேட்டேன். கடைசிக் காலத்திலாவது இரண்டு கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்கிறோம் துரை என்றேன். துரை சிரித்தார், ஒப்புக்கொண்டார்.

இன்னொரு காரணத்தைச் சொல்லவில்லை. அவன் கை நடுங்குகிறது. ஒரு வருஷமாகவே ஜன்னலில் பார்க்கிறேன். மெழுகுவத்தியை உதிரியாகக் கொடுத்தால் கீழே போடுவான் என்று நூலால் கட்டி ஒரே பொட்டலமாகக் கொடுப்பேன். ஏன் என்று அவனும் கேட்கவில்லை. ராத்திரி வேலை போனால் கொஞ்சம் தேறுவான் என்று எனக்கு ஒரு நப்பாசை.

வாங்கவேண்டியது: இன்னொரு பாய். உப்பு. விளக்குத் திரி.

ஐப்பசி 3, சனி

தூறல் நிற்கவில்லை. வேலை முடிந்து இருவரும் சேர்ந்தே நடந்து வந்தோம். சொல்ல என்ன இருக்கிறது? அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். பாதி வழிக்கு மேல் பேச்சில்லை. முன்பெல்லாம் ஒருவன் பகலை இன்னொருவனுக்கு எடுத்துச் சொல்லவே நேரம் போதாது.

கட்டில் யாருக்கு என்று நேற்று ஒரு உபசாரம். நீ படு, நீ படு. கடைசியில் இருவரும் தரையில். கட்டில் காலி.

வயிறு சரியில்லையாம். நேற்றும் இன்றும் ஷாஃப்ட் வாசல் ஆப்பக்காரியிடம் வாங்கித் தின்றுவிட்டு வந்தான். நாளை ஞாயிறு, இருவருக்கும் லீவு. கம்பெனி ஞாயிறு லீவு விடுவதே இந்த மாதத்திலிருந்துதான். கொள்ளுக் குழம்பு வைத்துக் களி கிண்டப் போகிறேன். அவனுக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்பது வருஷமாக விடிகாலையில் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன், அந்தியில் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். எப்படி இருந்தது என்றால், "அமிர்தம்பா" என்பான்.

முதல் தடவையாக அவன் தின்பதைக் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

ஐப்பசி 4, ஞாயிறு

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகிறது.

நடந்தது இது. மத்தியானம் களி, குழம்பு. அவன் தட்டில் போட்டேன். ஏதோ பேசிக்கொண்டே தட்டை எடுத்தான், எழுந்தான், வாசலுக்குப் போனான், அடுத்த வீட்டு எல்லம்மாவின் நாய்க்கு முன்னால் தட்டைக் கவிழ்த்தான். நாய் தயாராக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. திரும்பினவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது, இன்றைக்கு நான் வீட்டில் இருக்கிறேன் என்று. கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது.

எல்லம்மா சிரித்தாள். கெட்டவள் இல்லை, வாய் நீளம், அவ்வளவுதான். "ஒனக்குத் தெரியாதாண்ணா? தெனம் அதுக்குத்தானே போடுவாரு! ஒன் கொழம்பத் தின்னுதான் என் நாயி இப்டி கொழுத்துக் கீது."

லைன் வீடுகள் முழுக்கச் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வாசலில்.

"ஒன் மனசு நோவக் கூடாதுன்னுதாம்பா சொல்லல," என்றான் முனிசாமி.

அவனும் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். "ஒனக்காவ தொரைகிட்ட போய்ப் பிச்ச கேட்டேனே, என்னச் சொல்லணும்! ஒரு வத்தி புடிக்க முடியுதா ஒன்னால? கை நடுங்குது, மரம் முட்டுக் குடுக்கறானாம் மரம்! நான் கட்டிக் குடுக்கலன்னா என்னிக்கோ ஒன்ன மேல இஸ்து உட்டிருப்பாங்க!"

சிரிப்பு நின்றது. எதிர் வீட்டு வாசலில் சின்னப்பன் மேஸ்திரி முகம் மழித்துக்கொண்டிருந்தார். முனிசாமிக்கு அவர்தான் மேஸ்திரி. பாதி முகத்தில் சோப்போடு நிமிர்ந்து பார்த்தார்.

அவன் உள்ளே போய்ப் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். குறட்டை இல்லை. தூங்கவில்லை என்று அர்த்தம்.

செய்த உதவியைச் சொல்லிக் காட்டினேன். நாலு பேர் முன்னால்.

ஐப்பசி 5, திங்கள்

ஷாஃப்ட் வாசலில் கூட்டம். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறும் முன் மேஸ்திரி அவனைத் தனியே நிறுத்தினார்.

"முனிசாமிண்ணா, கைய நீட்டு."

நீட்டினான்.

"அப்டியே வெச்சிரு."

என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவன் மேஸ்திரியைப் பார்க்கவில்லை, தன் கையையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஷாஃப்ட் மேலே சுழலும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். கை, மழையில் இலை ஆடுகிற மாதிரி.

"கோச்சிக்காதண்ணா. கீழ அத்தன பேரு உசுரும் நீ வெக்கற மரத்துலதான் நிக்குது," என்றார் மேஸ்திரி. குரல் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் எல்லார் காதிலும் விழுந்தது.

கேஜ் அவன் இல்லாமல் இறங்கியது. அவனை மேலேயே கல் பொறுக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள், பொம்பிளைகளோடு உட்கார்ந்து தாதுக் கல்லையும் வெறுங் கல்லையும் பிரிக்கும் வேலை. மரக்கட்டு ஆள் என்றால் கேப்டன்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கொட்டகையில் யார் பேரும் யாருக்கும் தெரியாது.

அந்தியில் வீட்டுக்கு வந்தேன். மூட்டை கட்டி வைத்திருந்தான். கத்துவான், திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் நானும் திட்டி, அழுது, காலில் விழுந்து, எப்படியோ சரிக்கட்டிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

"நீ சொன்னது பொய் இல்ல, கோயிந்து," என்றான். "யாராச்சும் சொல்லித்தான் ஆவணும். கீழ எதுனா ஆயிருந்தா பாவம் என்னுதுதான். ஆனா நீ சொன்னியே."

மூட்டையைத் தலையில் தூக்கிவிட நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்விட்டான்.

ஐப்பசி 6, செவ்வாய்

மழை. வேலை. சோறு. படுக்கை.

ஐப்பசி 9, வெள்ளி

வானம் வெளுத்தது. கம்பளியை வெயிலில் போட்டேன்.

ஒரு விஷயம் யோசித்தேன். வயதான காலத்தில் சிநேகம் எதற்கு? உணர்ச்சிவசப்படாமல் பார்க்கவேண்டும். எனக்குச் சோறு நானே ஆக்குகிறேன். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, கம்பவுண்டர் தண்ணி மருந்து தருவார். குடியாத்தத்தில் மகள் இருக்கிறாள். செத்தால் லைன்காரர்கள் நாறவிடமாட்டார்கள், அவர்களுக்கே நாற்றம் ஆகாது. வாலிபத்தில் சிநேகிதன் வேண்டும், கூத்துப் பார்க்க, வம்புக்குப் போக, பெண் பார்க்க. அறுபதை எட்டிப் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் உண்டா? இல்லை. பேசாமல் இருந்தால் வாய்க்கும் ஓய்வு. வீடு முழுக்க எனக்கு. கட்டிலும் எனக்கு.

ஆகவே தேவையில்லை. இவ்வளவுதான் விஷயம்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். இதை மறுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும். ஒன்று விடாமல் மறுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். காலையில் இதைத் தூக்கிப் போட்டால் அந்தி வரை மனதில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்து பதில் சொல்வான்.

அவன் பேரை எழுத இன்று மனம் வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஐப்பசி 13, செவ்வாய்

ஜன்னலில் இன்று ஒரு அவமானம். குப்பம் ஊர் ஆள் ஒருத்தன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறான். "இன்னாத்துக்குபா நூலு சுத்திக் குடுக்கற? அவுக்கறதுக்கே நேரம் பூடும்போல கீதே." பார்க்கிறேன், வரிசையாக ஐந்தாறு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். எப்போது கட்டினேன் என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

பேச்சு: காவேரியிலிருந்து கம்பி இழுத்துக் கரண்ட் விளக்கு கொண்டுவரப் போகிறார்களாம். கம்பிக்குள் நெருப்பு எப்படி ஓடும்? வரட்டும். மெழுகுவத்தியோடு நானும் ஒழிகிறேன்.

இடது முழங்காலில் பழைய பிடிப்பு. வேப்பெண்ணெய்.

ஐப்பசி 15, வியாழன்

எல்லம்மாவைக் கூப்பிட்டு என் குழம்பில் ஒரு வாய் கொடுத்தேன். உண்மையைச் சொல் என்றேன். நாக்கில் வைத்தாள், கண்ணை மூடினாள்.

"புளி ஜாஸ்திண்ணா. கொள்ளும் வேவல. அடியும் புடிச்சிக் கீது."

"எப்பவுமே இப்டித்தானா?"

"எனக்கு இன்னா தெரியும், நாயத்தான் கேக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனுசன் ஒரு நாளாவது ஒன்ன ஒரு கொற சொல்லலண்ணா. நான் கேப்பேன், பேசாம சொல்லிடலாமேன்னு. விடிகாலத்துல குளுர்ல எழுந்து ஆக்கறான், அவன்கிட்ட எப்டி சொல்றதுன்னுவாரு. ஆப்பக்காரிகிட்ட தின்னுட்டு வந்து, என் நாய்க்கு வெச்சிட்டு, சட்டிய கழுவி வெச்சிட்டுத்தான் படுப்பாரு."

ராத்திரி பூராவும் மரம் தூக்கிவிட்டு வந்து சட்டி கழுவியிருக்கிறான், நான் சந்தோஷப்படவேண்டும் என்று.

நானும் நூல் கட்டினேன். சொல்லாமல். இரண்டும் ஒன்றுதான். அவன் கடைசி வரை காப்பாற்றினான், நான் காப்பாற்றவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அழுதேன். இதை எழுத வெட்கமில்லை, பார்க்க யாருமில்லை.

ஐப்பசி 18, ஞாயிறு

இதே தங்க வயலில் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் இருக்கிறானாம், நாகய்யா என்கிற தெலுங்குக் கிழவரோடு. அவரும் கல் பொறுக்கும் கொட்டகைதான், அவரும் தனி ஆள். ஜன்னலுக்கு வந்த ஒருத்தன் நேற்றுச் சொன்னான். "சந்தோசமாதான் கீறாரு" என்றும் சேர்த்துச் சொன்னான், கேட்காமலே.

சந்தோஷமாக இருந்தால் நல்லதுதான் என்று எழுத வந்தேன். மனதில் ஓடியது அது இல்லை. கஷ்டப்படட்டும், என்னைத் தேடட்டும், கோவிந்தன் மாதிரி வருமா என்று ஏங்கட்டும் என்றுதான் ஓடியது. எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப்போவதில்லை.

எனக்குப் பெண்டாட்டி செத்தபோது ஊரே வந்து உட்கார்ந்தது. பதினாறாம் நாள் காரியம், ஒப்பாரி, எல்லாம் உண்டு. கூட்டாளி போனதற்கு என்ன உண்டு? யார் வந்து துக்கம் கேட்பார்கள்? மேஸ்திரி இன்று என்னைப் பார்த்து, நீ சொன்னது நல்லதாப் போச்சு கோவிந்தண்ணா, பல உசுரு தப்பிச்சுது என்றார். மெய்தான். அந்த மெய்யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஐப்பசி 22, வியாழன்

கேப்டன் துரையைப் பார்த்து எனக்கு ராத்திரி ஷிப்ட் கேட்டேன். முழுப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். போன மாதம்தானே வந்து நின்றாய் என்றார். சரி, யோசிக்கிறேன் என்றார்.

தீபாவளிக்குப் போய்க் கூப்பிடப் போகிறேன். பழையபடியே இருப்போம், நீ பகல், நான் ராத்திரி. சமையல் வேண்டாம். அவனவன் ஆப்பம் அவனவன் தின்போம். என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்று ஜன்னலில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒருத்தன், "யார்கிட்டபா பேசற?" என்றான்.

ஐப்பசி 25, ஞாயிறு. தீபாவளி

லைனெல்லாம் வெடி, எண்ணெய் வாசனை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. எட்டின மட்டும் தேய்த்தேன். போன வருஷம் வரை அவன் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒருவர் முதுகை ஒருவர் தேய்ப்போம், தோல் கழன்று போகிற மாதிரி. வாசலில் எல்லம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்பிளை, என்ன செய்வாள்? உள்ளே போய்விட்டாள்.

புதுத் துண்டு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு பாலகாட் போனேன். சேறு. வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன்.

குடிசை வாசலில் இருவரும் தரையில் கோடு போட்டு ஆடு புலி ஆடிக்கொண்டிருந்தார்கள். முனிசாமி நடுங்கும் கையால் கல்லை வைக்கிறான், அது பக்கத்துக் கட்டத்துக்கு ஓடுகிறது. நாகய்யா, "ஒரேய், ஒன் புலிக்கு குளுர் ஜொரமா?" என்கிறார். இவன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். கையை மறைக்கவில்லை. என் முன்னால் எப்போதும் துண்டுக்குள் வைத்துக்கொள்வானே, அந்தக் கை.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். "வாப்பா, வா." முகத்தில் கோபம் இல்லை. கோபத்தைத் தேடினேன், ஒரு துளியாவது இருக்காதா என்று. பாய் விரித்தான். சொம்பில் தண்ணீர் கொடுத்தான். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாப்பிடாமல் போகக்கூடாது என்றான். கம்மங் கூழ், மீன் குழம்பு. அவன் கிண்ணத்தை நாகய்யா பாதிதான் நிரப்பினார், சிந்தாமலிருக்க. நிரப்பும்போதே, "பாதிதான் உனக்கு, மீதிய பூமி குடிச்சிடும்" என்று சொல்லிவிட்டே நிரப்பினார். ஒரு வருஷமாக நான் நூல் கட்டி மூடி வைத்ததை அந்த மனுஷர் ஒரு வார்த்தையில் சிரிப்பாக்கி வைத்திருக்கிறார்.

நாகய்யா பீடி வாங்கப் போனபோது கேட்டுவிட்டேன். வந்துவிடு, நான் ராத்திரி ஷிப்ட் மாறிக்கொள்கிறேன், நடந்ததை மறந்துவிடு என்று. மனப்பாடம் செய்தது பாதிகூட வரவில்லை.

உருண்டு போயிருந்த கல்லை எடுத்துக் கட்டத்தில் வைத்தான்.

"கோவம் ஒண்ணும் இல்ல கோயிந்து. அது அன்னிக்கே பூடுச்சி. ஒன்கிட்ட நல்லவனாவே இருக்கணும்னு அத்தன வருசமும் பாத்துகினே இருந்தேன்பா. நீயும் அப்டித்தான் இருந்த. இங்க அந்த வேல இல்ல. கை நடுங்குனா நடுங்குது. கொழம்பு நல்லா இல்லன்னா இல்லன்றேன். வயசாயிடுச்சிபா எனக்கு. மறுபடியும் அந்த வேல என்னால செய்ய முடியாது."

நாகய்யா வந்துவிட்டார்.

கிளம்பினேன். ரோடு வரைக்கும் கூடவே வந்தான், விருந்தாளியை அனுப்பி வைக்கிற மாதிரி. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவன் என்னை வழியனுப்பியது இல்லை. ஒரே வீட்டுக்காரனை யார் வழியனுப்புவார்கள்?

"பாத்துப் போ. சேறு," என்றான்.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். அவன் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தான்.

சிநேகம் தேவையா தேவையில்லையா என்று எழுதி வைத்தேனே அன்றைக்கு. தேவை. வாலிபத்தில் ஒன்று போனால் இன்னொன்று. இப்போது போனால் போனதுதான். அவனுக்குக் கிடைத்தது, எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நெஞ்சு வலிக்கிறது, கம்பவுண்டரிடம் சொல்லக்கூடிய வலி இல்லை.

ஐப்பசி 27, செவ்வாய்

மப்பு. மழை இல்லை. தார் வந்திருக்கிறது.

அந்தியில் வேலை முடிந்து வந்தால் வாசலில் ஒரு புது ஆள், மூட்டையோடு. லைன் வீடுகளுக்குக் கணக்கெழுதும் ரைட்டர் அனுப்பியிருக்கிறார், ஒரு இடம் காலி என்று. ஆரணிப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். ராத்திரி ஷிப்ட். மரியாதையானவன். நான் சொல்லும் வரை உள்ளே கால் வைக்கவில்லை.

"நீங்க பகலாண்ணா? அப்ப ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு இல்ல."

"இல்ல," என்றேன்.

சுவரையும் கட்டிலையும் சுற்றிப் பார்த்தான். "முன்னாடி இருந்தவரு இன்னா ஆனாரு? கீழ எதுனா ஆயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறான். பாலகாட்ல கீறான்."

"பாலகாட்டா? தோ, பக்கந்தானேண்ணா! நெனச்சா போய்ப் பாத்துட்டு வரலாம்."

"ஆமாம்பா," என்றேன். "பக்கந்தான்."